நாலாம் மாடிச் செடிக்கு ஒன்பது இலை

நாலாவது மாடியில், புகார் விசாரிக்கும் அறையில் இருந்த செடி முதன்முதலாகக் குடித்தது கணக்குப் பிரிவுப் பெண் ஒருத்தியின் குரலை. உள்ளே போகும்போது வாசலில் நின்ற வாட்ச்மேனிடம் "மணி என்னண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போனவள், இருபது நிமிஷம் கழித்து வெளியே வந்து வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். காற்று வந்தது, சத்தம் வரவில்லை. பதினொரு நாள் அப்படியே இருந்தாள். பன்னிரண்டாம் நாள் காலை பத்தேகாலுக்குச் செடியின் அடியிலை மஞ்சளாகித் தரையில் விழுந்தது. அதே பத்தேகாலுக்கு, வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் "குழாயை மூடித் தொலைங்களேன்" என்று புருஷனைப் பார்த்துக் கத்தினாள். அதற்குள் விசாரணைக் குறிப்பில் 'புகார்தாரர் எதுவும் கூறவில்லை' என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள். மூடிய கோப்பைத் திறக்கிற பழக்கம் அந்த அலுவலகத்தில் இல்லை.

அது வாடகைச் செடி. ஊருக்கு வெளியே இருந்த ஒரு நர்சரி, அலுவலகங்களுக்குத் தொட்டிச்செடிகளை வாடகைக்கு விட்டுவந்தது. அந்தத் தொழிலுக்கு ஒரே ஒரு சட்டம்தான்: பதினைந்து நாள் அறை, பதினைந்து நாள் வெளிச்சம். ஏசி அறையில் நின்று களைத்த தொட்டியை வேனில் ஏற்றிக் கொண்டுவந்து, பச்சை வலைப் பந்தலுக்குக் கீழே பதினைந்து நாள் வைத்துத் தேற்ற வேண்டும். அதன் இடத்துக்குத் தேறிய தொட்டி போகும். அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு இது தெரியாது. தங்கள் மேஜைக்குப் பக்கத்தில் வருஷம் முழுக்க ஒரே செடிதான் வாடாமல் நிற்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள், சிலர் அதற்குப் பேர்கூட வைத்திருப்பார்கள். தொட்டிகளை மாற்றி, தண்ணீர் ஊற்றி, இலை இலையாக ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போகிற பெண்ணை எல்லாக் கட்டடத்திலும் செடியக்கா என்றே கூப்பிட்டார்கள். வயது முப்பத்து நாலு. எட்டாவதோடு படிப்பு நின்றுபோனவள். பயந்த சுபாவம் என்று சொன்னால் போதாது. லிஃப்ட் கதவு மூடினால் பயம், திறக்காவிட்டால் பயம், போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். யார் எதைச் சொன்னாலும் சொல்லி முடிப்பதற்குள் "சரி" என்பாள். பத்து வருஷத்தில் அந்த ஒரு சொல்லைத் தவிர அவள் வாயிலிருந்து வேறெதையும் கேட்டதில்லை என்று சத்தியம் செய்ய நாலு கட்டடத்து வாட்ச்மேன்கள் தயாராக இருந்தார்கள்.

செடியின் பெயர் டிஃபன்பேக்கியா. வேன் டிரைவருக்கு அந்தப் பெயர் வாயில் நுழையாததால் டிபன்பாக்ஸ் என்பான். கை அகலப் பச்சை இலை, நடுவில் பால் கொட்டிவிட்ட மாதிரி வெள்ளைத் தீற்றல். தண்டை ஒடித்தால் வருகிற சாறு பட்டால் அரிக்கும், தெரியாமல் கடித்தால் நாக்கு வீங்கி ஒரு நாள் பேச முடியாது. அதனால் கையுறை இல்லாமல் அதைத் தொடக் கூடாது என்று நர்சரியில் முதல் நாளே சொல்லித் தருவார்கள். இதெல்லாம் எந்த நர்சரியிலும் உள்ளதுதான். இந்த ஒரு செடி இப்படியானதற்குக் காரணம் வேறு. அந்த அலுவலகத்தில் பணியாளர் நல அதிகாரி என்று ஒரு அம்மா இருந்தார். நலம் என்பது அவருடைய பெயர்ப்பலகையில் மட்டும் இருந்தது. விசாரணை அறைக்கு இந்தச் செடி ரொம்பப் பொருத்தம், மாற்றக் கூடாது என்று அவர் ஒரு கடிதம் எழுதினார். அவர் கையெழுத்துப் போட்ட கேட்பாஸ் இல்லாமல் ஒரு தொட்டிகூடக் கட்டடத்தைத் தாண்ட முடியாது. செடியக்கா நர்சரி முதலாளியிடம் கேட்டாள். "பெரிய இடம், அவங்க வேணும்னா இருந்துட்டுப் போகட்டும்" என்றார் அவர். "சரி" என்றாள். செடி நாலு மாதம் அங்கேயே நின்றது. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. விளக்குகூட ஆள் இருந்தால்தான் எரியும், ஆள் போனால் தானாக அணைந்துவிடும். வெளிச்சம் கிடைக்காத செடி, கிடைத்ததைத் தின்றுதான் பிழைக்க வேண்டும். அந்த அறையில் கிடைத்தது பேச்சு மட்டும்தான், அதுவும் முக்கால்வாசி அழுகையோடு வந்த பேச்சு.

துடைக்கிற கைக்குத்தான் அது முதலில் தெரிந்தது. அடியிலிருந்து இரண்டாவது இலை ஒரு காலையில் நனைந்த துண்டு மாதிரி கனத்தது. காய்ச்சல்காரன் நெற்றி போலச் சுட்டது. அதற்கு முந்தின நாள்தான் இரண்டாம் மாடியைத் துடைக்கிற பெண் புகார் சொல்ல வந்துவிட்டுப் பேச்சில்லாமல் இறங்கிப் போயிருந்தாள். அடுத்த மாதம் ஸ்டோர் ரூம் குமாஸ்தா வந்தார், மூன்றாவது இலை கனத்தது. அதற்கும் அடுத்து டீ போடுகிற பெண் வந்தாள், நான்காவது இலை. அந்த நான்காவது இலை, சுவரில் படம் காட்டுகிற மெஷினை மறைக்கிறது என்று எலக்ட்ரீஷியன் ஒருத்தன் கத்தரியால் வெட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டான். அது இரண்டு நாளில் அழுகியது. டீ போடுகிற பெண்ணுக்குக் குரல் அதற்குப் பிறகு திரும்பவே இல்லை. இன்றைக்கும் அவள் 'சர்க்கரை?' என்று எழுதின அட்டையைத்தான் தூக்கிக் காட்டுகிறாள். ஆக, இலை தானாகப் பழுத்து விழுந்தால் குரல் வீடு வந்து சேரும், வெட்டினால் குரலும் சேர்ந்து அழுகும். இதை அந்தக் கட்டடத்தில் முழுசாகப் புரிந்துகொண்டவர்கள் இரண்டே பேர். ஒருத்தி செடியக்கா. அவள் புரிந்துகொண்ட அன்று படிக்கட்டில் உட்கார்ந்து, எந்த இலையில் யார் குரல் என்று விரல்விட்டு எண்ணினாள். இன்னொருவர் நல அதிகாரி அம்மா. அவர் புரிந்துகொண்ட அன்று, புகார் சொல்கிறவர் உட்காருகிற நாற்காலியைத் தொட்டிக்கு ஒட்டிப் போடச் சொன்னார். தன் மேஜையை எட்டடி தள்ளிப் போட்டுக்கொண்டார்.

செடியக்காவுக்கு ஒரு தங்கச்சி இருந்தாள். பதினோரு வயது இளையவள், அவர்கள் வம்சத்திலேயே முதல் முதலாகப் பட்டம் வாங்கியவள். தாவரவியல் படித்துவிட்டு, அதே கட்டடத்தின் மூன்றாவது மாடியில் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, எங்கேயோ இருக்கிறவர்களின் வாஷிங் மெஷின் ஏன் சுற்றவில்லை என்று பதில் சொல்கிற வேலை பார்த்தாள். படித்த படிப்புக்கும் பார்க்கிற வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள், முதலில் அந்தப் படிப்புக்கான வேலை எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டுக் கேட்கட்டும். அவளுக்குக் குரல்தான் சோறு. அவளுடைய டீம் லீடர், அவள் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது மட்டும் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பான். தோளில் கை வைப்பான், கை அங்கேயே நிற்காது. அழைப்பெல்லாம் பதிவாகிறது, சீ என்று ஒரு சத்தம் போட்டால் எதிர்முனையில் இருப்பவருக்குக் கேட்கும், அவளுக்குத்தான் மதிப்பெண் போகும். அது தெரிந்துதான் அவன் அந்த நேரம் பார்த்து வந்தான். அவளால் செய்ய முடிந்தது ஒன்றுதான். ஒவ்வொரு முறையும் எதிர்முனையிடம் "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க" என்று பதிவில் அடையாளம் நிற்கிற மாதிரி சொல்லிவிட்டு, அந்த அழைப்பின் எண்ணையும் மணியையும் டைரியில் குறித்துக்கொண்டாள். நாற்பத்து மூன்று அழைப்பு சேர்ந்ததும் புகார் கொடுத்தாள். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை, நாலாவது மாடிக்கு வரவும் என்று கடிதம் வந்தது.

அந்தக் கடிதத்தைப் பார்த்த சாயங்காலம் செடியக்கா கையிலிருந்த தம்ளரைக் கீழே போட்டாள். பத்து வருஷத்துப் பேச்சை ஒரே மூச்சில் கொட்டுகிற மாதிரி, செடியைப் பற்றிச் சொல்லி முடித்தாள்.

தங்கச்சி சிரித்தாள். "க்கா, நான் மூணு வருஷம் இதத்தான் படிச்சேன். இலையில இருக்கிற ஓட்டை வழியா காத்து போகும், தண்ணி போகும். குரல் போகும்னு எந்தப் புக்லயும் இல்ல."

"புக் எழுதினவன் அந்த ரூம்ல உக்காந்தானாடி?"

"சரி, அப்படியே இருக்கட்டும். நான் என்ன பண்ணணும்? போகாம இருக்கவா?"

"போகாத. வேற வேலை பாத்துக்கலாம். எனக்கு பயமா இருக்கு."

"உனக்கு எப்பதான் பயமா இல்ல?" என்றாள் தங்கச்சி. சொன்னதும் அவளுக்கே சங்கடமாகிவிட்டது. குரலைத் தாழ்த்தி, "அக்கா, அந்த ஆள் பக்கத்து சீட்டுப் பொண்ணுகிட்டயும் ஆரம்பிச்சிட்டான். அது பத்தொன்பது வயசுப் பொண்ணு. டைரில எழுதக்கூட அதுக்குத் தெரியாது. நான் போய்த்தான் ஆகணும்" என்றாள்.

செடியக்கா மூன்று நாள் யோசித்தாள். தொட்டியை எடுத்துவிடலாம் என்றால் கேட்பாஸ் வேண்டும். அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் யார் என்பது தெரிந்ததுதான். கொதிக்கிற தண்ணீரை வேரில் ஊற்றலாம் என்றால், உள்ளே துடைக்கிற பெண்ணின் குரலும் ஸ்டோர் குமாஸ்தாவின் குரலும் இன்னும் இருக்கின்றன. செடி செத்தால் அவை இரண்டும் சாகும். நாற்காலியைத் தள்ளிப் போடலாம் என்றால், அதைத் தரையோடு திருகி வைத்துவிட்டார்கள். புதன்கிழமை இலை துடைக்கப் போனவள் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். மொத்தம் ஒன்பது. அதில் இரண்டு கனம், ஏழு லேசு. உச்சியில் ஒரு குருத்து பேனா மாதிரி சுருண்டு நின்றது. கனத்த இலை இரண்டும் புதிதாக எதையும் குடிப்பதில்லை, கீழிருந்து மேலாக ஒன்று நிரம்பின பிறகுதான் அடுத்தது நிரம்புகிறது என்பதை அவள் கை ஏற்கெனவே அறிந்திருந்தது. நிரம்பின தொட்டியில் ஊற்றுகிற தண்ணீர் அடித்தட்டு வழியாக வெளியேதான் போகும். பத்து வருஷமாக அதைத் தினமும் பார்க்கிறவள் அவள். ஏழையும் நிரப்பிவிட்டால் செடிக்குத் தாகம் இருக்காது. எதை ஊற்றி நிரப்புவது? அவளிடம் ஒன்றுதான் இருந்தது.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குத் துடைக்கிறவர்களோடு சேர்ந்து கட்டடத்துக்குள் நுழைந்தாள். வேனைக் கீழே நிறுத்தின டிரைவரிடம் பத்து நிமிஷத்தில் வருவதாக விரலைக் காட்டிவிட்டுப் போனாள். விசாரணை அறைக்குள் விளக்கு தானாக எரிந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். என்ன பேசுவதென்று தெரியவில்லை. பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்ததில் விளக்கு, ஆளில்லை என்று நினைத்து அணைந்துபோனது. இருட்டில், ஒரு கை தூரத்தில், ஏழு காலி இலைகள் அவள் பக்கம் மெதுவாகத் திரும்புகிற சரசரப்புக் கேட்டது. அவள் பதறி எழுந்து நின்றாள், விளக்கு எரிந்தது. பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள்.

முதல் இலைக்குத் தொழிலைச் சொன்னாள். எந்தக் கட்டடத்தில் எத்தனை தொட்டி, எந்த மாடியில் எந்தச் செடி, எதற்கு எத்தனை குவளை, எந்த மேனேஜர் தொட்டிக்குள் பபுள்கம் துப்புகிறார், எவர் மிச்ச டீயை ஊற்றி மண்ணைப் புளிக்கவைக்கிறார் என்று வரிசையாகச் சொன்னாள். அரை மணியில் இலை கனத்துத் தொங்கியது. அவள் குரலில் மேல்பாகம் போயிருந்தது, இனி கத்த வராது என்று தொண்டைக்குத் தெரிந்தது. இரண்டாவது இலைக்குத் தங்கச்சி பிறந்ததிலிருந்து சொன்னாள். மூன்றாவது இலைக்கு, பதினோரு மாதம் புருஷனாக இருந்துவிட்டுப் போன ஒருத்தனைப் பற்றி, அவள் அம்மாவிடம்கூடச் சொல்லாததைச் சொன்னாள். அந்த இலை மற்றவற்றைவிடச் சீக்கிரம் சுட்டது. நான்காவதுக்குத் தினமும் வாசலில் அவள் பையைக் கொட்டிச் சோதிக்கிறவர்களைத் திட்டினாள். ஐந்தாவதுக்கு முதலாளியைத் திட்டினாள். திட்டத் திட்ட அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. தனக்குள் இவ்வளவு இருக்கிறது என்று அவள் நினைத்ததே இல்லை. மற்றவர்கள் அந்த அறைக்குள் வரும்போது வாழ்நாளெல்லாம் செலவழித்தது போக மிச்சக் குரலைத்தான் கொண்டுவந்தார்கள், அதனால் ஒரே இலையில் தீர்ந்துபோனார்கள். இவள் முப்பத்து நாலு வருஷமாகச் செலவே செய்யாதவள். ஆறாவது இலைக்கு டீ போடுகிற பெண்ணிடமும், துடைக்கிற பெண்ணிடமும், குமாஸ்தாவிடமும் மன்னிப்புக் கேட்டாள். நாலு மாதம் முன்னால் ஒரு தடவை 'முடியாது, மாத்தித்தான் ஆகணும்' என்று தான் சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது என்றாள். ஏழாவதுக்கு மிச்சமிருந்தது பயம் மட்டும். லிஃப்ட், போன், கேட்பாஸ், வாசலில் விழுகிற நிழல், தங்கச்சி வர ஐந்து நிமிஷம் தாமதமானால் வாசலுக்கும் அடுப்புக்குமாக நடப்பது, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கிசுகிசுத்தாள். கடைசியாக "பயமா இருக்கு" என்று உதடு அசைந்தது. சத்தம் எதுவும் வெளியே வரவில்லை. மணி பத்தரை.

அப்போதுதான் உச்சிக் குருத்து அசைந்ததைப் பார்த்தாள். வழக்கமாக விரிய ஐந்தாறு நாள் எடுக்கிற குருத்து அது. ஏழு இலைத் தீனி ஒரே காலையில் கிடைத்த தெம்பில் அவள் கண்ணெதிரே சுருள் அவிழ்ந்தது. நுனி பிரிந்தது, ஓரம் பிரிந்தது, ஈரம் காயாத ஒரு வெளிர்ப்பச்சை இலை விரிந்து, காலியாக, நாற்காலியைப் பார்த்து நின்றது. அவள் கையால் பொத்தினாள், துணியால் சுற்றிப் பார்த்தாள், அது துணியைத் தள்ளிக்கொண்டு வந்தது. ஊற்ற அவளிடம் ஒரு சொட்டுக்கூட இல்லை. இருபது நிமிஷத்தில் தங்கச்சி வந்து இந்த நாற்காலியில் உட்காருவாள். செடியக்கா தரையில் உட்கார்ந்து, சத்தமே இல்லாமல் அழுதாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவன் வேன் டிரைவர். மூன்றரை மணி நேரம் கீழே நின்று வெந்துபோயிருந்தான். "யக்கா, நீ என்ன மனுஷியா? பத்து நிமிஷம்னு விரலக் காட்டிட்டு வந்து இங்க குடித்தனம் நடத்துறியா? வண்டி நடுரோட்டுல நிக்குது, பின்னாடி வந்தவன்லாம் என் ஆத்தா அப்பனையெல்லாம் விசாரிச்சிட்டுப் போறான். அந்த வாட்ச்மேன் இருக்கானே, அவன் மூஞ்சியும் மீசையும், வண்டிய எடு வண்டிய எடுன்னு…" என்று ஒரு பிடி பிடித்தான். செடியக்கா கண்ணீரைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவன் தோளைப் பிடித்து அந்த நாற்காலியில் உட்காரவைத்தாள். அவன் அதைக் கவனிக்கவே இல்லை. பேச ஆரம்பித்தால் அவன் எதையும் கவனிக்கிறவன் அல்ல. வாட்ச்மேனிலிருந்து முனிசிபாலிட்டிக்குப் போனான், அங்கிருந்து டயர் விலைக்கு, அதிலிருந்து தன் மச்சானின் நன்றிகெட்ட குணத்துக்கு. "ஒரு நாள் இல்ல ஒரு நாள் நான் வேலைய விட்டுட்டுப் போகப்போறேன், அப்ப தெரியும் உங்களுக்கெல்லாம் இந்த டிரைவரோட…" என்றவன் வாயைத் திறந்தபடி நின்றான். அருமை என்று சொல்லவந்தானோ, பெருமை என்று சொல்லவந்தானோ, அது புது இலையோடு போயிற்று. இலை கனத்துத் தழைந்தது. பத்து ஐம்பத்தைந்துக்கு இருவரும் பின் படிக்கட்டு வழியாக இறங்கிப் போனார்கள். டிரைவர் கையை ஆட்டி ஆட்டி ஏதோ கேட்டுக்கொண்டே வந்தான், அவளாலும் பதில் சொல்ல முடியவில்லை.

தங்கச்சி ஒரு மணி நாற்பது நிமிஷம் பேசினாள். நாற்பத்து மூன்று அழைப்பையும் எண், மணி, நாள் சொல்லி, ஒவ்வொன்றிலும் கை எங்கே இருந்தது என்பதையும் சொன்னாள். நல அதிகாரி அம்மா முதல் கால்மணி நேரம் பேனாவை மூடியே வைத்திருந்தார். பிறகு செடியைப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து தன் பாட்டிலிலிருந்து அதற்குத் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் அடித்தட்டு வழியாக வெளியே ஓடி அவர் செருப்பை நனைத்தது. வேறு வழியில்லாமல் பேனாவைத் திறந்தார். டீம் லீடர் குடும்பக் காரணங்களுக்காகத் தானே விலகிக்கொள்வதாக எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த தெருவில் வேறொரு அலுவலகத்தில் அதே வேலைக்குச் சேர்ந்தான். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் மூன்றாவது மாடியில் நாற்காலிகளைச் சுவரோடு சேர்த்துப் போட்டுக்கொண்டார்கள், பின்னால் வந்து நிற்க இடமில்லாமல். அந்தப் பத்தொன்பது வயதுப் பெண் அங்கேதான் இன்னும் வேலை பார்க்கிறாள்.

அந்த வாரமே நல அதிகாரி அம்மா கேட்பாஸில் தானே கையெழுத்துப் போட்டு, செடி கெட்டுவிட்டது, உடனே எடுத்துப்போகவும் என்று அனுப்பினார். செடியக்கா கேட்பாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பதினைந்து நாளைத் தாண்டி அவ்வளவு மாதம் இருட்டில் நின்ற செடிக்கு இனிப் பந்தல் வெளிச்சம்கூடத் தாங்காது, இலை கருகும், அழுகும், உள்ளே இருப்பவர்கள் கதி டீ போடுகிற பெண்ணின் கதிதான். முதலாளி "எடுத்துடு" என்றார். 'சரி' என்று சொல்ல அவளிடம் குரல் இல்லை. தலையை இடமும் வலமும் ஆட்டினாள். இதைப் பார்த்துப் பழக்கமில்லாததால் முதலாளிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. செடி அங்கேயே நின்றது.

துடைக்கிற பெண்ணின் இலையும் குமாஸ்தாவின் இலையும் அடுத்த மாதங்களில் பழுத்து விழுந்தன. செடியக்காவின் குரல் இலை இலையாக வந்தது, மூன்று வருஷம் ஆனது. எந்த இலையில் எதைச் சொன்னாளோ அது மட்டும் அந்த இலையோடு திரும்பும். முதல் இலை விழுந்த பிறகு ஆறு மாதம் அவளால் தொட்டி, மண், குவளை, தண்ணீர் என்று மட்டும்தான் பேச முடிந்தது. திட்டு திரும்பின மாதத்தில் முதலாளி அவளைத் தவிர்த்தார். டிரைவரின் இலைதான் உச்சியில் இருந்தது, அது விழ எல்லாவற்றையும்விட அதிக நாள் ஆனது. அதுவரை அவன் ஹாரனை வைத்துத்தான் பேசினான். ஆரம்பத்தில் ஒரு மாதம் அவளுக்குத் துண்டுச் சீட்டில் கெட்ட வார்த்தையாக எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தான். பிறகு விஷயம் புரிந்து, 'தங்கச்சி கேஸ் என்னாச்சு?' என்று எழுதிக் கேட்டான்.

பல பேர் சேர்ந்து பேசினால் சேதம் குறைவு என்பதைக் கண்டுபிடித்தவள் துடைக்கிற பெண். அவளுடைய கூட்டாளி ஒருத்திக்கு விசாரணை வந்தபோது, காலி இலை நாலு இருந்தது. ஒரே ஷிப்டில் வேலை பார்க்கிற பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஏழு மணிக்கு வந்து சந்தை மாதிரி ஒரே நேரத்தில் பேசவைத்தாள். சிலர் தகராறு, சிலர் பஸ் ரூட், ஒருத்தி பதினாறாம் வாய்ப்பாடு. பத்தரைக்கு நாலு இலையும் தொங்கின. பன்னிரண்டு பேருக்கும் சளி பிடித்த மாதிரி மூன்று நாள் தொண்டை கட்டியது, அவ்வளவுதான். அன்றிலிருந்து அதுவே நடைமுறை. எப்போதும் யாருடைய குரலாவது உள்ளே இருந்ததால் செடியை எடுக்க வழி பிறக்கவில்லை. நல அதிகாரி அம்மா மாற்றலாகிப் போய் வேறொருவர் வந்தார், அவரும் நாற்காலியைத் தள்ளிப் போடவில்லை. வாட்ச்மேனின் பதிவேட்டில் கூரியர், பிளம்பர், லிஃப்ட் ரிப்பேர் என்கிற கட்டங்களுக்கு அடுத்து 'செடியிடம் பேச' என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள். அத்தை, நாத்தனார், புருஷன், பக்கத்து வீட்டுக்காரர் என்று வருகிறவர்கள் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு மேலே போகிறார்கள்.

ஆனாலும் பயம் போகவில்லை, போவதற்குக் காரணமும் இல்லை. அந்தச் செடி மாதத்துக்கு ஒரு இலை விடுகிறது, எந்த இலை எப்போது விரியும் என்பது யாருக்கும் தெரியாது. இருட்டில் அது ஆள் இருக்கிற பக்கம் திரும்புகிற சத்தத்தைக் கேட்டவர்கள் மறுநாள் வேலைக்கு வர யோசிக்கிறார்கள். போன வெள்ளிக்கிழமை இலை துடைக்கப் போன செடியக்கா மூன்றாவது மாடிக்கு இறங்கிவந்து, குருத்து ஒன்று பாதி அவிழ்ந்திருக்கிறது, திங்கட்கிழமை விசாரணைக்குள் விரிந்துவிடும், யார் வருகிறீர்கள் என்று கேட்டாள். ஹெட்செட் மாட்டியிருந்தவர்களில் ஐந்து பேர் கையைத் தூக்கினார்கள். கடைசிக் கை பாதியில் நின்று, பிறகு மேலே ஏறியது. அவள் ஐந்து பேரையும் எண்ணி, வாட்ச்மேனிடம் எழுதிவைக்கச் சொல்லிவிட்டு, அடுத்த கட்டடத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போனாள்.